இடது பட்டன்

களி கிண்டும்போது கை நிற்கக் கூடாது. நின்றால் கட்டி தட்டிவிடும். சூசைமேரி இது தெரியாதவள் அல்ல. எலத்தகிரியில் பிறந்து, பத்து வயதிலேயே களித் துடுப்பைக் கையில் பிடித்தவள். ஆனாலும் தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அவள் வீட்டுக் களி நாள் தவறாமல் கட்டி தட்டியது. குற்றம் அடுப்பில் இல்லை. அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கம் பவர் பிரஸ் ஓடியது. ஓசூரில் பெரிய கம்பெனிகளை அண்டிப் பிழைக்கிற சின்ன ஷெட்டுகளுக்குக் கணக்கில்லை. சூசைமேரியின் புருஷன் அருள்ஜோசப்பின் ஷெட்டும் அதில் ஒன்று. சிப்காட்டுக்குப் பின்னால், முட்டைக்கோசுத் தோட்டத்தை ஒட்டிய சந்தில், முன்பக்கம் சிமென்ட் ஷீட் போட்ட ஷெட்டு, பின்பக்கம் இரண்டு அறை வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

பிரஸ் இறங்கும்போதெல்லாம் அந்தச் சுவர் லேசாக அதிரும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். டக். ஒரு மூச்சு விடுகிற நேரம். மறுபடி டக். இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் சூசைமேரி தன் வேலையைப் பார்ப்பாள். சத்தம் நின்றால்தான் கையும் நிற்கும்.

கரண்ட் போயிருக்கலாம். பிரஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற நாராயணம்மா வெற்றிலை போட எழுந்திருக்கலாம். தகட்டுத் துண்டு தீர்ந்திருக்கலாம். இல்லையென்றால் கை. எது என்று தெரிகிற வரைக்கும் துடுப்பைப் பிடித்தபடி, வாயில் பாதி 'அருள்நிறைந்த மரியே' மந்திரத்தோடு நிற்பாள். டக் என்று கேட்டதும் மூச்சு திரும்பும். அதற்குள் களி கெட்டுப்போயிருக்கும்.

"இன்னாடி இது, களியா கல்லா?" என்பான் அருள்ஜோசப், உருண்டையை அவரைக்கொட்டைச் சாற்றில் தோய்த்தபடி. "எலத்தகிரிக்காரின்னு வெளிய சொல்லிக்காத. சிரிப்பாங்க."

அவனே சிரித்துக்கொள்வான். அந்த வருஷம் அவனிடம் சிரிப்பு நிறைய இருந்தது.

அருள்ஜோசப் பதினோரு வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் பிரஸ் ஓட்டியவன். கம்பெனியிலிருந்து கணக்கை முடித்துக்கொண்டு வந்த பணத்தில் பெங்களூரில் பழைய பிரஸ் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். ஆளுயரத்துக்கு மேல் ஓர் இரும்புச் சட்டம், பக்கவாட்டில் சுற்றிக்கொண்டேயிருக்கிற பெரிய சக்கரம். பட்டனை அமுக்கினால் மேலே இருக்கிற கட்டை இறங்கி, கீழே அச்சில் வைத்த தகட்டுத் துண்டை வளைத்துவிட்டு ஏறிக்கொள்ளும். ஸ்கூட்டருக்குள் ஒயரைப் பிடித்து நிறுத்துகிற சின்ன பிராக்கெட். அது ஒன்றைத்தான் அங்கே நாள் முழுக்க அடித்தார்கள்.

பட்டன் ஒன்றல்ல, இரண்டு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கட்டை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்க முடியாதல்லவா, அதற்காக எவனோ ஒரு நல்ல மனுஷன் யோசித்துச் செய்த ஏற்பாடு. அவனை ஏமாற்ற நம் ஆட்களுக்கு அரை நாள் போதும். இடது பட்டனை உள்ளே அமுக்கி, அதற்கும் அதைச் சுற்றியிருக்கிற இரும்பு வளையத்துக்கும் நடுவே எதையாவது செருகிவிட்டால் அது அமுங்கியே கிடக்கும். பிறகு வலது கை பட்டனில், இடது கை அச்சில். வை, அமுக்கு, எடு. இரண்டு கையால் இரண்டாயிரத்தைந்நூறு அடிக்கிற இடத்தில் ஒரு கையால் நாலாயிரம் அடிக்கலாம்.

முதல் வருஷம் அருள்ஜோசப் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டாம் வருஷம் ஆர்டர் கூடியது. தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனான். அட்டை நசுங்கி அடிக்கடி விழுந்துவிடும். அது விழுகிறதே என்பதுதான் அவன் கவலையாக இருந்தது.

அந்த மே மாதம் முதல் தேதி, ஏசுவை வளர்த்த தச்சர், தொழிலாளரான சூசையப்பர் திருநாள். இந்துக்களுக்கு ஆயுத பூஜை மாதிரி, ஓசூர் பக்கம் பட்டறை வைத்திருக்கிற கத்தோலிக்கர்களுக்கு அன்றைக்குத்தான் மெஷின் மந்திரிப்பு. கோயிலுக்கு மைக் செட்டும் நாலு ஃபேனும் வாங்கிக் கொடுத்தவன் என்பதால் பங்குச்சாமியார் முதலில் அருள்ஜோசப் ஷெட்டுக்கே வந்தார். ஒவ்வொரு ஃபேன் இறக்கையிலும் 'உபயம்: இ. அருள்ஜோசப் குடும்பத்தார்' என்று எழுதியிருந்தது. ஃபேன் சுற்றும்போது அதைப் படிக்க முடியாது என்பது அவனுக்கு ஒரு குறைதான்.

சாமியார் வருகிறார் என்றதும் அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டார்கள். பிரஸ்ஸுக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். சூசைமேரி ஒரு தட்டில் பித்தளைச் சுரூபங்களை வைத்து மந்திரித்து வாங்கினாள். ரூபாய்க் காசு அளவு, ஒரு பக்கம் கையில் லீலி மலரோடு சூசையப்பர், மறுபக்கம் சிலுவை. சாமியார் போன பிறகு அதில் ஒன்றை நாராயணம்மாவின் கையில் கொடுத்தாள்.

"அக்கா, இத கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்க. மந்திரிச்சது. ஒன் கைய இவரு பாத்துக்குவாரு."

நாராயணம்மா பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக்காரி. நாற்பது வயது, வாய் நிறைய வெற்றிலை, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. மழைக்கு முன்னால் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட வேண்டும் என்பது அவள் லட்சியம். சுரூபத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"மா தேவுடு வேற, மீ தேவுடு வேறயாம்மா? எல்லாம் ஒண்ணுதான்" என்றாள்.

ஜூன் மாதம் ஒரு காலை, டீ கொண்டுபோன சூசைமேரி அதைப் பார்த்தாள். இடது பட்டனுக்கும் வளையத்துக்கும் நடுவே, அளவெடுத்துச் செய்த மாதிரி, அந்தச் சுரூபம் இறுகிக் கிடந்தது. சூசையப்பரின் பாதி முகம் வெளியே தெரிந்தது. நாராயணம்மாவின் இடது கை அச்சுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. வை, அமுக்கு, எடு.

சூசைமேரி டீ டம்ளரைத் தகட்டுக் குவியல்மேல் வைத்தாள்.

"அக்கா! இன்னா காரியம் பண்ணிக்கீற நீ?"

நாராயணம்மா பிரஸ்ஸை நிறுத்திவிட்டு வெள்ளந்தியாகச் சிரித்தாள். "அட்ட நிக்கமாட்டேங்குதும்மா. விழுந்து விழுந்து ஒரு நாளைக்கு ஐந்நூறு பீசு போவுது. இது கெட்டியா நிக்குது. நீதானே சொன்ன, ஒன் கைய அவரு பாத்துக்குவாருன்னு? ஒரு பட்டன் அவரு அமுக்கறாரு, ஒரு பட்டன் நான் அமுக்கறேன். பயமே இல்ல."

"கழுத்துல போடறதுக்குக் குடுத்தேன்க்கா. அதுக்கா குடுத்தேன்?"

"கழுத்துல இருந்தா கழுத்தத்தானே பாப்பாரு? கையிதானே இங்க போவுது."

அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி சூசைமேரிக்குத் தோன்றியது, அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. தான் கொடுத்தது. தன் கையால், தன் வாயால் சொல்லிக் கொடுத்தது.

சாப்பாட்டு நேரத்தில் புருஷனிடம் சொன்னாள். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நானும் பாத்தேன் மேரி. மொதல்ல எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அப்பறம் யோசிச்சுப் பாத்தா, அதுல இன்னா தப்பு? சாமி காலடியில மெஷின் ஓடுது. அது வெச்ச நாள்லேருந்து ஆர்டரு எப்படி ஏறுது பாத்தியா? ஆசீர்வாதம் இல்லாம வருமா?"

"அந்தம்மா கை போச்சுன்னா?"

"வாயக் கழுவு. அஞ்சு வருசமா பிரஸ்ஸு ஓட்டறவ அவ. கண்ண மூடிக்கினு போடுவா."

"நீங்க பதினோரு வருசம் ஓட்டனீங்க. பத்து வெரலும் இருக்குது. எப்படி இருக்குது? அந்தக் கம்பெனியில ரெண்டு கையும் பட்டன்ல வெச்சாத்தான் வுடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அருள்ஜோசப் தட்டைத் தள்ளிவைத்தான். "பணம் வந்தா ஒனக்கு ஏன் இப்படிப் பேயப் பாத்த மாதிரி ஆவுது? ஏசுசாமி பட்டினி கெடக்கவா சொன்னாரு? எங்கப்பன் இன்னாசிமுத்து கல்லு ஒடச்சே செத்தான். கோயில்ல அவன் எங்க நிப்பான் தெரியுமா? கடைசியில, செருப்பு வுடற எடத்துல. இன்னிக்கு அவன் மவனுக்கு மொத வரிசையில நாற்காலி போடறாரு சாமியார். பாகலூர் ரோட்டுல வூடு கட்ட மூல சைட்டு பேசி வெச்சிருக்கறேன். நம்ம பொண்ணு ஜெயசெல்வி கான்வென்ட்டுல படிக்கிறா. ஒங் கையில நாலு வளையல் கெடக்குது. இதெல்லாம் பாவமா? சொல்லு, பாவமா?"

சூசைமேரி வளையலைப் பார்த்தாள். ஈஸ்டருக்கு வாங்கியது. அவளுக்கு அது பிடித்திருந்தது, அதை மறைப்பானேன். கோயிலில் கைகுவிக்கும்போது அது சரிந்து விழுகிற சத்தமும் பிடித்திருந்தது. பாவம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதை அவன் காதில் வாங்கவில்லை.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் போய், ஸ்குரூ டிரைவரால் நெம்பிச் சுரூபத்தை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். அன்று நாராயணம்மா தேய்ந்த செருப்பின் வாரை அறுத்துச் செருகினாள். ரப்பர் வழுக்கி வழுக்கி வெளியே வந்தது. அதைத் தள்ளிக்கொண்டே, எரிச்சலோடு, அச்சையும் பார்த்துப் பட்டனையும் பார்த்து அடித்தாள். சூசைமேரியால் ஒரு மணி நேரம் தாங்க முடியவில்லை. தானே கொண்டுபோய்ச் சுரூபத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நாராயணம்மா அதைக் கண்ணில் ஒற்றி, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அந்த வாரம் தன் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பலகைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது தெரிந்தது. தலைக்கு மேல் உபயம் ஃபேன் சுற்றியது.

"நான் ஒண்ணியும் பண்ணல சாமி. ஆனா அதுல வர்ற சோத்தத் திங்கறேன். நக போட்டுக்கறேன். பயந்துக்கினே போட்டுக்கறேன்."

"பயப்படறது பாவமில்லம்மா."

"பயந்துக்கினே சும்மா இருக்கறது சாமி?"

சாமியாரின் காது நகர்ந்து, முகம் ஃபேன் பக்கம் நிமிர்ந்தது. கெட்ட மனுஷர் அல்ல. பேசினால் எங்கே போய் முடியும் என்று அவருக்கும் ஒரு யோசனை இருந்திருக்க வேண்டும். கடைசியில், "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க, நான் பேசறேன்" என்றார். அருள்ஜோசப் போகவில்லை. கோயில் மணிக்கூண்டுக்கு வெள்ளையடிக்கப் பணம் அனுப்பினான்.

செப்டம்பரில் சத்தம் மாறியது.

அதை முதலில் கேட்டது சூசைமேரிதான். மாவைக் கொதிநீரில் கொட்டித் துடுப்பைப் போட்டிருந்தாள். டக். டக். டக். அப்புறம், நடுவில் மூச்சு விடவே நேரமில்லாமல், டடக். டம்ளர்கள் இரண்டு தடவை உரசின. பிறகு பழையபடி டக், டக் என்று ஓடியது. ஷெட்டுக்கு ஓடினாள். நாராயணம்மா ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அச்சு மாற்றிப் பொருத்துகிற ஆஞ்சப்பன் மூலையில் அரத்தால் ஓர் அச்சை ராவிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பெங்களூரில் ஏதோ ஒரு ஷெட்டில் இடது கையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தவர். மிச்ச மூன்று விரலால் டீ டம்ளரை அவர் பிடிக்கிற விதத்தைச் சூசைமேரியால் நேராகப் பார்க்க முடியாது.

"அண்ணே, இப்ப ரெண்டு தபா அடிச்ச மாதிரி கேட்டுச்சே?"

ஆஞ்சப்பன் அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆமாம்மா. டபுள் அடி. கட்டய எறக்கி நிறுத்தற கிளட்ச்சுச் சாவி தேஞ்சு போச்சு. ஒருதபா அமுக்கனா ஒருதபா எறங்கி நிக்கணும். இது எப்பவாச்சும் தானா இன்னொரு தபா எறங்குது. எப்ப எறங்கும்னு அதுக்கே தெரியாது."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிக்கீறேன். ரெண்டு நாளு பிரஸ்ஸ நிறுத்திப் பிரிக்கணும். இந்த லாட்டுச் சரக்கு முடியட்டும்னாரு." தன் கையைப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க. லாட்டு முடியட்டும்னு."

"நாராயணக்காவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. மொதலாளி சொல்லிக்கிறேன்னாரு. சொன்னா அந்தம்மா எப்படி உக்காரும்?"

அன்றிலிருந்து சூசைமேரிக்குச் சத்தம் ஓடினாலும் பயம், நின்றாலும் பயம். துணி துவைக்கும்போது, அவரைக்காய் உரிக்கும்போது, ஜெபமாலை உருட்டும்போது எல்லாம் காது சுவரிலேயே இருந்தது. அருள்நிறை மந்திரத்துக்கு நடுவில் எண்ணிக்கை தப்பியது. உதயகாலப் பனியில் ஷெட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். புருஷனிடம் மூன்று தடவை பேசினாள். முதல் தடவை, "பாத்துக்கலாம்." இரண்டாம் தடவை, "மெஷினப் பத்தி எனக்கு நீ சொல்றியா?" மூன்றாம் தடவை அவன் சட்டை மாட்டிக்கொண்டு சைட்டுப் புரோக்கரைப் பார்க்கப் போனான். லாட் முடிந்து வருகிற பணத்தில் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு.

நாராயணம்மாவிடம் தானே சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள், லாட் நிற்கும், சைட் போகும், புருஷன் முகத்தில் எப்படி முழிப்பது. இதுதான் உண்மையான காரணம். வேறு நல்ல காரணம் எதையும் அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதை அவளுக்கு வரவு வைக்கலாம்.

அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை. ஓசூர் மழைக்குச் சத்தம் கிடையாது. நாள் பூரா நசநசவென்று தூறி, சுவரெல்லாம் ஈரம் ஊறும். சூசைமேரி களிக்கு உலை வைத்திருந்தாள். டக். டக். டடக்.

அப்புறம் ஒன்றும் இல்லை.

துடுப்பு கையிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியாது. ஷெட்டுக்குள் போனபோது நாராயணம்மா இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ரத்தம் இருக்கிறதா என்றுதான் சூசைமேரி முதலில் தரையைப் பார்த்தாள். இல்லை. கையைப் பிடுங்கி விரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு.

"ஒண்ணும் ஆவலம்மா. பீச எடுக்கக் கைய வெக்கப் போனேன், தானா எறங்குச்சு. ஒரு வெரக்கட தள்ளி." நாராயணம்மா பேசப் பேச மூச்சு இரைத்தது, ஆனால் சிரிக்கவும் செய்தாள். "பாத்தியா? ஒங்க சாமி காப்பாத்திட்டாரு. நான் சொல்லல?"

அவள் முகத்தில் நன்றி பொங்கியது. பட்டனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி உட்காரப் போனாள்.

அச்சில் கிடந்த பிராக்கெட்டைச் சூசைமேரி எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. ஒரு தடம் விழ வேண்டிய இடத்தில் இரண்டு தடம் விழுந்திருந்தது. இரண்டாவது, கொஞ்சம் விலகி, ஆழமாக. இரும்புக்கே இந்தக் கதி.

"எந்திரிக்கா" என்றாள்.

"ஏம்மா?"

"எந்திரி. நான் போடறேன்."

ஆஞ்சப்பன் அரத்தைக் கீழே வைத்தார். "மேரிம்மா, வேணாம்மா."

அவள் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிரஸ் ஓட்டுகிறவனின் பெண்டாட்டி, எப்படி ஓட்டுவது என்று பார்த்துப் பார்த்துத் தெரியும். வலது கையைப் பட்டன்மேல் வைத்தாள். இடது கையில் ஒரு துண்டை எடுத்து அச்சுக்குள் வைத்தாள். வளையல் அச்சின் விளிம்பில் இடித்தது. கையை எடுத்தாள், அமுக்கினாள். டக். அவள் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. வளைந்ததை எடுத்தாள். இன்னொரு துண்டை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அருள்ஜோசப் மழையில் நனைந்தபடி வந்து ஸ்கூட்டரை நிறுத்தினான். தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவன் பிரஸ்ஸில் யார் என்று பார்த்தான்.

"மேரி!"

அப்படி ஒரு குரல் அவனிடமிருந்து யாரும் கேட்டதில்லை.

"கைய எடு! அடியே, கைய எடு மொதல்ல! மெயின ஆஃப் பண்ணுங்கண்ணே!"

"ஆஃப் பண்ணாதீங்க" என்றாள் சூசைமேரி. அவள் இடது கை அச்சுக்குள்ளேயே இருந்தது. "ஓடட்டும். சூசையப்பரு அமுக்கிக்கினு இருக்கறாரு. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"வெளாட்டா அது? கிளட்ச்சு தேஞ்சு கெடக்குதுடி! தானா எறங்குது! எப்ப எறங்கும்னு எவனுக்கும் தெரியாது!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. ஆஞ்சப்பன் மெயினை இழுத்துவிட்டார். பெரிய சக்கரம் மட்டும் தன் போக்கில் சுற்றிச் சுற்றி, மெதுவாகி, நின்றது. ஷீட்மேல் தூறல் விழுகிற சத்தம் கேட்டது.

நாராயணம்மா வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து நின்றாள்.

"மொதலாளி. தேஞ்சு கெடக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அருள்ஜோசப் அவளைப் பார்க்கவில்லை.

"எத்தினி நாளா தெரியும்?"

"இந்த லாட்டு முடிஞ்சதும் மாத்தறதா..."

"நாலாயிரம் தபா கை போவுது சார் ஒரு நாளைக்கு. அம்மா ரெண்டு தபா வெச்சதுக்கு ஒங்களுக்கு உயிரு போயிடுச்சே." அவள் குரல் உயரவே இல்லை. "ஒரு பீசு நீங்க போடுங்க சார். ஒண்ணே ஒண்ணு. நான் பாக்கறேன்."

"இன்னா பெரிய இது. பதினோரு வருசம் போட்டவன் நான்" என்றான் அருள்ஜோசப். ரோஷக்காரன். சூசைமேரியை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். ஆஞ்சப்பன் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு மெயினைப் போட்டார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வலது கை பட்டனுக்குப் போயிற்று. இடது கை துண்டை எடுத்தது. அச்சை நோக்கிப் பாதி தூரம் போனது.

அங்கேயே நின்றுவிட்டது.

மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். நல்ல கை, ஐந்து விரலும் முழுசாக. ஈரத் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. இன்னும் ஒரு சாண். அந்த ஒரு சாண் அவனால் போக முடியவில்லை. துண்டு விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"அண்ணே, அந்த ஸ்குரூ டிரைவரக் குடுங்க" என்றான், கேட்டும் கேட்காத குரலில்.

ஆஞ்சப்பன் மெயினை நிறுத்திவிட்டு, மூன்று விரலால் எடுத்துக் கொடுத்தார். நாலைந்து மாத அதிர்வில் சுரூபம் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது நெம்பலில் தெறித்து விழுந்தது. இடது பட்டன் 'டப்' என்று மேலே வந்தது. சூசைமேரி சுரூபத்தைப் பொறுக்கினாள். லீலி மலரும் கையும் இருந்தன, முகம் தேய்ந்துபோயிருந்தது. நாராயணம்மாவிடம் நீட்டினாள்.

நாராயணம்மா வாங்கிக்கொள்ளவில்லை. தன் இடது கையை வலது கையால் பொத்திப் பிடித்திருந்தாள், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி.

"பயமே இல்லாம இருந்தேன்மா" என்றாள். "இன்னிக்கு அந்தப் பயத்தக் குடுத்துட்ட நீ."

மழையிலேயே இறங்கிப் போனாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பிரஸ்ஸைப் பிரித்துப் போட்டுச் சாவி மாற்றினார்கள். லாட் தவறியது. கம்பெனிக்காரன் பாதி ஆர்டரை வேறு ஷெட்டுக்குக் கொடுத்தான். திங்கட்கிழமை மூலை சைட்டை வேறு யாரோ முடித்துக்கொண்டார்கள். அருள்ஜோசப் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. அவன் எங்கே என்று சூசைமேரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில், செருப்பு விடுகிற இடத்தில் நின்றிருந்தான். பக்தியா, வெட்கமா, யாரையாவது பார்க்கப் பயமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை நாராயணம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு கையில அமுக்கனா நாலாயிரம் வராது. ரெண்டாயிரத்தைந்நூறுதான். என் ஓட்டு வீடு நிக்குது பாதியில. ரேட்ட ஏத்து மொதலாளி. நாலாயிரத்துக்கு இன்னா வருமோ அது வரணும். இல்லன்னா வேற ஷெட்டு இருக்குது."

அருள்ஜோசப் அவளைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். சூசைமேரியின் கையில் இரண்டு வளையல்தான் இருந்தது. மற்ற இரண்டும் எங்கே என்று அவன் கேட்கத் தேவைப்படவில்லை. சாவிக்கும் அதை மாற்றிய கூலிக்கும் அவள்தான் விற்றுக் கொடுத்திருந்தாள்.

"ஏத்தறேன்" என்றான்.

நாராயணம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அச்சில் துண்டை வைத்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், நெருப்பைத் தொட்டவள் மாதிரி. இரண்டு கையையும் இரண்டு பட்டனில் வைத்தாள். அப்படியும் கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கினாள். டக்.

சுவருக்கு இந்தப் பக்கம் உலை கொதித்தது. சூசைமேரி மாவைக் கொட்டித் துடுப்பைப் போட்டாள். சத்தம் இப்போது மெதுவாக வந்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நீளமான இடைவெளி. பத்திரமான இடைவெளிதான், அவளுக்கே தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் கை நின்றது.

மத்தியானம் அருள்ஜோசப் சாப்பிட உட்கார்ந்தான். உருண்டையைப் பிட்டான். உள்ளே வேகாத மாவு கட்டி கட்டியாக இருந்தது. அடுத்த டக் கேட்கிற வரைக்கும் கையை அப்படியே வைத்திருந்தான். கேட்டதும், ஒன்றும் சொல்லாமல், அந்தக் கட்டியைச் சாற்றில் தோய்த்து விழுங்கினான்.